எண்ணூறும் அதுவும்

ஊசிமேட்டுப்பட்டியில் தீக்குச்சி மழை பெய்த அன்று வெள்ளைத்தாய் வாசலில் வடகம் காயப்போட்டிருந்தாள், அதனால் மற்றவர்களெல்லாம் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்தபோது அவள் மட்டும் வடகத்தைப் பார்த்து ஓடினாள். மேகம் இல்லை, இடி இல்லை. பங்குனி வெயிலில் மேற்கே இருந்து ஒரு காற்று வந்து வேப்பமரத்தை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போனது, அதன் பின்னாலேயே சரசரவென்று குச்சிகள் விழத் தொடங்கின. மருந்து முக்கிக் காய்ந்த, தலை சிவந்த, பெட்டியில் அடைக்க வேண்டியதுதான் பாக்கி என்கிற பதத்தில் இருந்த குச்சிகள், ஓட்டிலும் கூரையிலும் மாட்டின் முதுகிலும் கோயில் கலசத்திலும் விழுந்தன, ஒன்றுகூட உரசிப் பற்றிக்கொள்ளவில்லை. சில ஊரில் மீன் மழை பெய்திருக்கிறது, சில ஊரில் தவளை பெய்திருக்கிறது, குச்சியைக் கட்டையில் அடுக்கியும் பெட்டியில் அடைத்துமே சோறு தின்கிற ஊரில் வேறு என்னதான் பெய்யும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, எல்லாரும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கூட்டி அள்ளக் கிளம்பினார்கள்.

பொதுவில் வந்தது எதுவானாலும் அந்த ஊரில் கூறு போட்டுத்தான் எடுப்பார்கள். கண்மாய் வற்றி ஊரே இறங்கிப் பிடித்தால் மீன், ஊர்ப் புளியமரம் உலுக்கினால் புளி, கோயில் கொடைக்கு வெட்டினால் கறி, எல்லாம் தலைக்கட்டுக்கு ஒரு கூறு. கல்யாணம் முடித்துத் தனி அடுப்பு வைத்த ஆண்பிள்ளை ஒருவன் ஒரு தலைக்கட்டு. அப்படி அங்கே முந்நூறு பேர். கூறு போடுவதில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு, கடைசியில் மீதி என்று எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. மீதி கிடந்தால் பகை கிடக்கும் என்பார்கள். மீன் மிஞ்சினால் நறுக்கிக் கலந்துவிடுவார்கள், கறி மிஞ்சினால் நாய்க்குப் போடுவார்கள், புளி மிஞ்சினால் மரத்தடியிலேயே புதைத்துவிடுவார்கள்.

வெள்ளைத்தாயின் வீடு அந்த முந்நூறில் கிடையாது. அவள் புருசன் சன்னாசி, மகள் வயிற்றில் இருக்கும்போதே வடக்கே லாரியில் கிளீனராகப் போனவன், பேருக்கேற்ற பிள்ளையாகத் திரும்பவே இல்லை. அவன் இருக்கிறான் என்றால் முழுக்கூறு கொடுக்க வேண்டும், செத்தான் என்றால் தாலியறுத்தவள் வீடு என்று அரைக்கூறு கொடுக்க வேண்டும். இரண்டும் தெரியாத வீட்டுக்கு என்ன கொடுப்பது என்று ஊருக்கு விளங்கவில்லை, விளங்காததை விட்டுவிடுவதுதானே உலக வழக்கம். கூறு போடுகிற நாளில் மகள் பொன்மாரியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் தள்ளி நிற்பாள். யாராவது இரக்கப்பட்டுக் கையில் கொஞ்சம் போட்டால் வாங்கிக்கொள்வாள், இல்லையென்றால் வீட்டில் போய் ரசம் வைப்பாள்.

குச்சிகளைப் பள்ளிக்கூட மைதானத்தில் மலையாகக் குவித்து ஊர்ப் பெண்கள் எண்ணினார்கள். பெட்டி அடைக்கிறவர்களுக்கு வாய் ஊர்வம்பு பேசினாலும் கை தப்பாமல் எண்ணும், ஆகவே அது ஒரு பெரிய காரியமாக இல்லை. மூன்று கோடியே தொண்ணூற்றொன்பது லட்சத்துப் பதினாறாயிரத்து எண்ணூற்றொன்று. தலைக்கட்டுக்கு ஒரு குவியல் என்று முந்நூறு குவியல் போட்டார்கள், குவியலுக்குக் குவியல் ஒரு குச்சி கூடாமல் குறையாமல் வந்தது, எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தால் மைதானத்து நடுவில் ஒரு குச்சி கிடந்தது. நாட்டாமை கொண்டல்சாமி அதைக் குனிந்து எடுத்தார், எடுத்த வேகத்தில் கீழே போட்டார். வெயிலில் கிடந்த குச்சி சுடத்தானே செய்யும் என்றார்கள். நிழலில் கொண்டுபோய் வைத்தார்கள், அங்கேயும் சுட்டது. பச்சைப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றி சுடுமே, அந்தச் சூடு.

முந்நூறை விட்டுத் தெருவுக்கு இவ்வளவு என்று பன்னிரண்டாகப் போட்டார்கள், ஒன்று மிஞ்சியது. சாதிக்கு இவ்வளவு என்று ஏழாகப் போட்டார்கள், ஒன்று மிஞ்சியது. ஆணுக்குப் பாதி பெண்ணுக்குப் பாதி என்றுகூட ஒரு வாலிபன் சொல்லிப் பார்த்தான். கேட்டவர்கள் அவனை முறைத்தாலும் போட்டுப் பார்த்தார்கள், அப்போதும் ஒன்று மிஞ்சியது. அத்தனை கோடியில் ஒவ்வொரு முறையும் கலைத்துக் குவித்துப் புதிதாகப் போட்டாலும், மிஞ்சியது அதே குச்சிதான், தொட்டால் சுடுகிற அந்தக் குச்சி. பதின்மூன்றாகப் போட்டபோது மட்டும் இரண்டு மிஞ்சின. அதில் ஒன்று அது, இன்னொன்று அதற்குத் துணைக்கு வந்ததுபோலப் பக்கத்தில் ஒட்டிக் கிடந்தது, அதைப் பார்த்த பிறகு யாரும் பதின்மூன்றாகப் போடச் சொல்லவில்லை.

"ஒத்தக் குச்சிக்குப் போயி இம்புட்டுப் பெரிய ஆர்ப்பாட்டமா? இங்க கொண்டாங்கய்யா" என்று வேலாண்டி என்கிற முரட்டு ஆள் அதை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவன் ஒருவனுக்கு மட்டும் ஒரு குச்சி கூடுதல். சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் அவன் வீட்டுக் கூரை புகைந்தது, வைக்கோல் படப்பு எரிந்தது, தொழுவத்தில் கட்டியிருந்த பசு எரிந்தது. ஊரே குடத்தைத் தூக்கி ஓடி அணைத்தது. அணைந்த சாம்பலில், தண்ணீரும் கரியும் குழம்பிக் கிடந்த சேற்றில், அந்தக் குச்சி தலை சிவந்து, ஒரு நூல்கூடக் கருகாமல் படுத்திருந்தது. அன்றைக்குத்தான் ஊர் பயந்தது.

பயம் வந்தால் சும்மா இருக்குமா. கிணற்றில் போட்டார்கள், அடுத்த கூறில் அது தரையில் கிடந்தது. ஒடித்துப் பார்க்க ஒருவருக்கும் கை வரவில்லை. குச்சி முழுவதையும் லாரியில் ஏற்றித் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பினார்கள். ஐம்பது ஐம்பதாக அடைத்து முடித்ததும் ஆபீஸ் தரையில் ஒன்று கிடந்தது, முதலாளி அதைத் தொட்டுப் பார்த்தார், பெட்டியைப் பிரித்துக் கொட்டி அதே லாரியில் திருப்பி அனுப்பிவிட்டார். அதன் பிறகு ஊரில் 'ஒன்று' என்ற சொல்லையே சொல்வதை விட்டார்கள். அந்தத் தொகையைச் சொல்ல வேண்டி வந்தால் எண்ணூறும் அதுவும் என்று முடித்தார்கள். அழுகிற பிள்ளைகளை எண்ணூறும் அதுவும் வருது என்று அடக்கினார்கள். தண்ணீருக்குப் போனால் இரண்டு குடம், விளக்கு வைத்தால் இரண்டு திரி, வெளிக்குப் போனாலும் இரண்டு பேர். தனியாக நின்ற பனையை வெட்டினார்கள். ஒற்றைக் கன்று போட்ட மாட்டைச் சந்தைக்கு ஓட்டினார்கள். தனியாக இருப்பது எதுவானாலும் அதன்மேல் அந்தச் சூடு இறங்கிவிடும் என்று ஊர் நம்பியது, நம்பிய ஊர் மெல்ல மெல்ல வெள்ளைத்தாயின் வாசல் வழியாக நடப்பதை நிறுத்தியது.

அவளுக்கு அது புரிந்தது. கடையில் அவள் போய் நின்றால் பேச்சு நின்றது. பொன்மாரியோடு விளையாட வந்த பிள்ளைகளை அம்மாக்கள் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அவள் மகளைப் பார்த்து, "நாம ஒத்தை இல்லத்தா, ரெண்டு பேரு" என்று சொல்லிக்கொண்டாள். ஊர்க் கணக்கில் வீடு ஒன்றுதான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிற ஜெபக்கனி டீச்சரிடம் நாட்டாமை போய் விவரம் கேட்டார். டீச்சர் கரும்பலகை நிறைய எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் ஊரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஒண்ணுல ஆரம்பிச்சு ரெண்டு, மூணு, நாலுன்னு பதினொண்ணு வரைக்கும் எல்லாத்தையும் பெருக்குங்க. என்ன வருமோ அதோட ஒண்ணு கூட்டுங்க. அதுதான் இது. அதனாலதான் ரெண்டால போட்டாலும் ஏழால போட்டாலும் அந்த ஒண்ணு கழிய மாட்டேங்குது."

"பதினொண்ணுக்கு மேல போட்டா?" என்று நாட்டாமை கேட்டார். அவர் அந்தச் சொல்லைச் சொன்னதும் நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"மேல எதால போட்டாலும் எதாவது மிஞ்சும். நான் போட்டுப் பாத்துட்டேன். இது பகா எண்ணுங்க. யாருக்கும் பங்காகாது."

"எதாலயுமே ஆகாதா டீச்சர்?"

"ரெண்டே ரெண்டால ஆகும். ஒண்ணால வகுக்கலாம். இல்ல, அதே எண்ணால வகுக்கலாம். வேற எதுவும் ஆகாது."

டீச்சர் பாடம் நடத்துகிற குரலில்தான் சொன்னார், பாவம், அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. நாட்டாமை தாடையைத் தடவினார். "அப்பம், ஒண்ணால வகுத்தா மீதி வராதுன்னு சொல்லுதீக."

"வராது."

"கிழக்குப் பாத்த மாதிரி ஒரே எடத்துல, ஒரே ஆளுக்குக் குடுத்துட்டா…"

கூட்டத்தில் யாரும் யாரையும் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் முந்நூறு தலைக்கட்டும் அவர்கள் பெண்டுபிள்ளைகளும் ஒருசேரத் திரும்பினார்கள், சுவரோரம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற வெள்ளைத்தாயைப் பார்த்தார்கள். 

"மாமா, எனக்கு எந்தக் கூறும் வேண்டாம் மாமா" என்றாள். "இதுவரைக்கும் எனக்கு எதுலயும் கூறு இல்லல்லா. இதுலயும் வேண்டாம்."

"அதாம் தாயி, இதுவரைக்கும் குடுக்காத பங்கெல்லாம் சேத்துத் தாரோம்னு வச்சுக்க" என்றார் நாட்டாமை.  அவர் பொல்லாதவர் இல்லை, பயந்தவர். பயந்தவன் செய்கிற காரியத்தைப் பொல்லாதவன்கூடச் செய்ய மாட்டான்.

மூன்று கோடியே தொண்ணூற்றொன்பது லட்சத்துப் பதினாறாயிரத்து எண்ணூறும் அதுவும் வெள்ளைத்தாயின் வீட்டுக்கு வந்தன. மேளம் அடிக்காத குறையாக, பெண்கள் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூடை கூடையாகச் சுமந்து வந்து, உள்ளே கொட்டி, இடம் போதாமல் சுற்றுச்சுவருக்குள் கொட்டி, போகும்போது அவளை ஒருமுறை கும்பிட்டுவிட்டுப் போனார்கள். குவியல்களுக்கு நடுவில் தாயும் மகளும் படுக்க ஒரு பாய் அகலம் மிஞ்சியது. மீதி எதுவும் தரையில் கிடக்கவில்லை. ஊர் பெருமூச்சு விட்டது, அன்று இரவு எல்லா வீட்டிலும் ஒற்றை விளக்கு ஏற்றிச் சோறு தின்றார்கள்.

வெள்ளைத்தாய் அடுப்பை மூடினாள். பொன்மாரியின் காலில் கிடந்த கொலுசைக் கழற்றினாள், எங்கே உரசிப் பொறி பறக்குமோ என்று. அரிவாளைப் பக்கத்துக் காட்டுக் கிணற்றில் போட்டாள். சித்திரை பிறந்து ஓடு கொதிக்க ஆரம்பித்ததும் சாக்கை நனைத்து நனைத்துக் கூரைமேல் போட்டாள், ஏணியில் ஏறவும் இறங்கவுமே அவளுக்குப் பகல் சரியாகப் போனது. ஊர் அவளுக்குக் குறை வைக்கவில்லை. வேளை தவறாமல் கூழும் கஞ்சியும் ஒரு நீள மூங்கிலின் நுனியில் தூக்குவாளியைக் கட்டிச் சுவருக்கு மேலாக நீட்டினார்கள். சூடாக ஒரு வாய் சோறு கேட்டு மகள் அழுதபோது அவளும் சேர்ந்து அழுதாள். பிறந்த வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒருநாள் துணிமூட்டையோடு இறங்கினாள். ஊர் எல்லையில் வேலாண்டியும் நாலைந்து ஆட்களும் கம்போடு உட்கார்ந்திருந்தார்கள்.

"கோவிச்சுக்காத மதினி" என்றான் வேலாண்டி. பசு செத்ததிலிருந்து அவன் முரடு எங்கே போனதென்று தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது. "நீங்க போயிட்டா அது மறுபடி எங்ககிட்ட வந்துருமாம். எனக்கும் பிள்ளைக இருக்கு."

அவள் திரும்பி வந்தாள். அந்தக் குச்சி எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். கோடிக் குச்சிக்குள் அது எங்கே கிடந்தாலும் அந்தப் பக்கத்துச் சாக்கு மட்டும் காய்ந்துவிடும். படுத்திருக்கும்போது முதுகில் ஒரு சூடு ஏறும். மகளை மறுபக்கம் மாற்றிப் போடுவாள், கொஞ்ச நேரத்தில் மறுபக்கமும் சுடும். பயம் அவளுக்குள் குடிபுகுந்து குழந்தை குட்டி பெற்றுவிட்டது.

அக்கினி நட்சத்திரம் தொடங்குவதற்குள் அவள் ஒரு நாள் பகலில் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஜெபக்கனி டீச்சர் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அன்று சொன்ன சொல்லுக்காக அவர் தினமும் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ரெண்டால ஆகும்னு சொன்னீக. ஒண்ணு ஆச்சு. இன்னொண்ணு என்னமோ சொன்னீகளே?"

"அதே எண்ணால வகுக்கறதும்மா. அது ஏட்டுல ஆகும். நடக்காது. அத்தனை பேருக்கு ஆளுக்கு ஒரு குச்சின்னு குடுக்கணும். ஒருத்தருக்கு ரெண்டு போயிரக் கூடாது. மூணு கோடியே தொண்ணூத்தொம்பது லட்சம் பேருக்கு எங்கம்மா போறது?"

"மீதி வராதுல்லா?"

"வராது."

"அப்பம் போதும்" என்றாள் வெள்ளைத்தாய்.

மறுநாள் காலையில் அவள் ஒரு கூடைக் குச்சியை இடுப்பில் ஏற்றி, மகளை நடக்கவிட்டு, நாற்கரச் சாலைக்குப் போகிற பாதையில் வந்தாள். மகளைக் காவலிருந்தவர்களிடமே விட்டாள். "பிணையா வச்சுக்கங்க. பொழுது சாயத் திரும்பிருவேன்" என்றாள். வேலாண்டி தலையைக் குனிந்துகொண்டு பொன்மாரியைத் தோளில் தூக்கினான்.

சுங்கச்சாவடியில் நிற்கிற லாரிக்காரர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். பேருந்து நின்றால் ஜன்னல் ஜன்னலாக ஒன்று. கல்யாண வேன், காதுகுத்து வேன், சபரிமலைக்குப் போகிறவர்கள், பாண்டு வாத்தியக்காரர்கள், பிணத்தோடு வந்த ஆம்புலன்ஸில் அழுதுகொண்டிருந்த நாலு பேர், எல்லாருக்கும் ஒன்று. "எதுக்கும்மா?" என்று கேட்டார்கள். "உங்க பங்கு" என்றாள். மனுசனுக்கு என்ன விசித்திரமோ, உன் பங்கு என்று சொன்னால் துரும்பாக இருந்தாலும் வாங்கிக்கொள்கிறான். லாரிக்காரர்கள் மூட்டை கேட்டார்கள். ஆளுக்கு ஒன்று, ஒருவருக்கு இரண்டு கூடாது என்று அவரவர் பிள்ளைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டு மூட்டை கொடுத்தாள். குச்சி ஓசூர் போனது, நெல்லூர் போனது, நாசிக் போனது. ரயில் ஏறியது, படகில் போனது, பிரசவ ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தைகளின் மூடிய கைக்குள் போனது. யாராவது ஆசைப்பட்டு இரண்டு எடுத்தால் அன்று பொழுதுக்குள் அவர்கள் விரல் கொப்பளித்தது, தேடி வந்து திருப்பிக் கொடுத்தார்கள். வருசங்கள் போயின. வெள்ளைத்தாயின் முன்தலை நரைத்தது, பொன்மாரி தாவணி போட்டாள். வீட்டில் பாய் அகலம் கட்டில் அகலமானது, கட்டில் அகலம் ஒரு அறையானது. பயம் மட்டும் குறையவில்லை. குச்சி குறையக் குறைய, அந்த ஒன்று தனியாகத் தெரிய ஆரம்பித்தது, சூடும் ஏறியது.

கடைசியில் ஊசிமேட்டுப்பட்டிக்கே வந்தாள். தலைக்கட்டாகப் பார்க்கவில்லை, ஆள் ஆளாகக் கொடுத்தாள். தாலியறுத்தவர்கள், கட்டாமல் இருந்தவர்கள், தொட்டிலில் கிடந்தவர்கள், நாட்டாமை, வேலாண்டி, டீச்சர் எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று. முந்தானையிலும் துண்டிலும் ஏந்தி வாங்கினார்கள். பொன்மாரியும் தன் பங்கை வாங்கிக்கொண்டாள். வீட்டுத் தரையில் அந்த ஒன்று கிடந்தது.

அது யாருடையதென்று வெள்ளைத்தாய்க்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. சன்னாசியினுடையது. அவன் வந்தால் கையில் கொடுக்கத்தான் அதை இத்தனை வருசமாகக் கடைசிக்குத் தள்ளித் தள்ளி வைத்தாள். ஆசையா ஆங்காரமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் அந்த வாரம் வந்த லாரிக்காரர் ஒருவர், நாகபுரிக்கு அந்தப் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடையில் இந்த ஊர்ப் பேச்சுப் பேசுகிற ஒருவருக்குக் குச்சியை நீட்டியதாகவும், அவர் முகம் வெளுத்துப்போய், "நான் எப்பவோ வாங்கிட்டேனே" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டியதாகவும் சொன்னார். வெள்ளைத்தாய் சன்னாசி பேரைக் கணக்கிலிருந்து அடித்தாள். பிறகு டீச்சரைக் கூப்பிட்டாள்.

டீச்சர் போட்டுப் பார்த்தார். "கணக்கு சரிதான். ஒரு ஆள்தான் விட்டுப்போயிருக்கு."

"யாரு டீச்சர்? நான் ஒருத்தரையும் விடலையே."

சூட்டில் குச்சியைச் சுற்றித் தரையில் சுண்ணாம்பு உதிர்ந்தது. இன்று ஏதோ நடக்கப்போகிறது என்று ஊருக்குள் செய்தி பரவி, முந்நூறு தலைக்கட்டும் மாட்டையும் மூட்டையையும் எடுத்துக்கொண்டு வறண்ட கண்மாய்க்குள் ஓடத் தொடங்கியது. டீச்சரையும் யாரோ கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். தாயும் மகளும் மட்டும் நின்றார்கள்.

"அம்மா" என்றாள் பொன்மாரி. "நீ வாங்குனியா?"

வெள்ளைத்தாய்க்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஊர் விட்டது சரி, அவளும் அல்லவா விட்டுவிட்டாள். குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, அதை எடுத்தாள். கை வெந்துபோகும் என்று நினைத்தாள். உள்ளங்கையில் அது வெறும் குச்சியாகக் கிடந்தது. மகளை வாசலுக்கு அனுப்பிவிட்டு, வருசக்கணக்காக மூடிக் கிடந்த அடுப்பின் முன் உட்கார்ந்து, சுள்ளியை ஒடித்து வைத்து, ஒரு பழைய பெட்டியின் ஓரத்தில் பயத்தோடேயே உரசினாள்.

கண்மாய்க்குள் நாட்டாமை தலைக்கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணினால் முந்நூறும் சரியாக இருந்தது, ஆனாலும் ஆள் குறைகிற மாதிரி எல்லாருக்கும் பட்டது. "இன்னொரு தரம் எண்ணுங்க, ஒண்ணு குறையுதே" என்றான் வேலாண்டி. தெருத் தெருவாக எண்ணினார்கள், சாதி சாதியாக எண்ணினார்கள், ஆண் தனி பெண் தனியாக எண்ணினார்கள். எப்படி எண்ணினாலும் ஒன்று குறைந்தது. அப்போது ஊருக்குள்ளிருந்து புகை எழுந்தது. பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அத்தனை பேரும் தரையோடு தரையாகக் குப்புற விழுந்தார்கள். அது சோறு பொங்குகிற அடுப்பின் புகை என்று அவர்களுக்குப் புரிய நெடுநேரம் ஆயிற்று.